குடித்துவிட்டு நடக்கும் ஊர், குடித்துவிட்டு ஓட்டும் ஊர்

சனிக்கிழமை மதியம் விருத்தாசலத்தில் ஒரு இளைஞன் “பாண்டிக்குப் போறோம்டா” என்று சொன்னால், எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. கேட்கத் தேவையும் இல்லை. நல்லூர், வேப்பூர், பெண்ணாடம் என்று அந்தச் சுற்றுவட்டாரம் முழுக்க அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். பாரதி வாழ்ந்த வீட்டைப் பார்க்கப் போகிறான் என்று எவரும் நினைக்க மாட்டார்கள். சரக்கு அடிக்கப் போகிறான், அவ்வளவுதான்!

இரண்டு பைக், நான்கு பேர். நெய்வேலி, வடலூர், குறிஞ்சிப்பாடி, கடலூர், அப்புறம் பாண்டி. எண்பது கிலோமீட்டருக்கு மேல். இரவே திரும்பி விடுவார்கள். வீட்டில் அம்மா படுத்திருப்பாள், ஆனால் தூங்கியிருக்க மாட்டாள். வாசலில் பைக்குக்கு ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்ட பிறகுதான் அவளுக்குத் தூக்கம் வரும். “ஏன்டா இவ்ளோ நேரம்?” என்று கூடக் கேட்க மாட்டாள். சத்தம் கேட்டதே போதும்.

இந்தக் கட்டுரை குடிக்கலாமா கூடாதா என்பதைப் பற்றியது அல்ல. அதைப் பற்றி எழுதித் தள்ளியவர்கள் ஏராளம். இது குடித்த பிறகு வீட்டுக்கு எப்படிப் போவது என்பதைப் பற்றியது. சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் அந்த அம்மாவுக்கு அதுதான் பெரிய விஷயம்.

ஸ்காட்லாந்தில் ஒரு பாண்டி

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரையில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. கோல்ஃப் விளையாட்டின் தாய்வீடு என்று உலகமே சொல்லும் ஊர். அங்குள்ள பல்கலைக்கழகம் 1413ல் போப்பாண்டவரின் ஆணை பெற்றது. ஸ்காட்லாந்திலேயே பழமையானது அதுதான். 1158ல் கட்டத் தொடங்கி 1318ல் அர்ப்பணிக்கப்பட்ட பெரிய தேவாலயம் ஒன்று இன்று இடிந்த சுவர்களாகக் கடலைப் பார்த்து நிற்கிறது. கடல், பழைய தெருக்கள், மாணவர் கூட்டம், சுற்றுலாப் பயணிகள்... கிட்டத்தட்ட பாண்டிதான்!

அங்கே ஒரு பழக்கம் உண்டு. பப் க்ரால் என்று சொல்வார்கள். ஒரே பப்பில் உட்கார்ந்து குடிக்காமல், ஒன்றில் ஒரு கிளாஸ், அங்கிருந்து நடந்து அடுத்ததில் ஒரு கிளாஸ் என்று ஊர் முழுக்கச் சுற்றுவது. க்ரால் என்றால் தவழ்வது. கடைசி பப்புக்குத் தவழ்ந்துதான் போக முடியும் என்ற கேலி அந்தப் பெயரிலேயே இருக்கிறது. பிரிட்டனில் பல ஊர்களில் இதையே சுற்றுலாவாகவும் நடத்துகிறார்கள். வழிகாட்டி ஒருவர் கூடவே நடந்து, இந்தக் கட்டடம் இன்ன காலத்தில் வந்தது, இந்தச் சந்தில் இன்னது நடந்தது என்று கதை சொல்லிக்கொண்டே போவார்.

செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு இது ரொம்பவே பொருந்தும். வடக்குத் தெரு, சந்தைத் தெரு, தெற்குத் தெரு என்று மூன்று பிரதான தெருக்கள். மூன்றும் கிழக்கே அந்தத் தேவாலயத்தை நோக்கிப் போகின்றன. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடக்க இருபது நிமிடம் ஆனால் அதிகம். மேற்கே பதினாறாம் நூற்றாண்டு நகரவாயில் ஒன்று இன்னும் நிற்கிறது. அதற்கு வெளியே ஒரு பப். தெற்குத் தெருவில் ஒன்று, சந்தைத் தெருவில் ஒன்று... குடிப்பவன் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ஊரின் சரித்திரத்தை மிதித்துக்கொண்டுதான் போக வேண்டும்.

மிதிக்கக் கூடாத இடமும் ஒன்று உண்டு! 1528ல் பேட்ரிக் ஹாமில்டன் என்ற இளைஞரை மதக் கருத்துக்காக வடக்குத் தெருவில் உயிரோடு எரித்தார்கள். அந்த இடத்தில் தரைக் கற்களில் அவர் பெயரின் முதலெழுத்துகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. அதை மிதித்தால் பரீட்சையில் ஃபெயில் என்பது மாணவர்களின் நம்பிக்கை. சுற்றிக்கொண்டுதான் போவார்கள். நம்மூரில் பரீட்சைக்கு முதல் நாள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பது போல!

சரி, இதில் என்ன இருக்கிறது? அங்கேயும் குடிக்கிறார்கள், இங்கேயும் குடிக்கிறார்கள் என்று கேட்கலாம். வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். அங்கே குடித்தவன் நடக்கிறான். இங்கே குடித்தவன் ஓட்டுகிறான்.

வெள்ளைக்காரன் யோக்கியனா?

உடனே “அவங்க ஒழுக்கம், நாம மட்டும் மட்டமா?” என்று சண்டைக்கு வர வேண்டாம். குடி விஷயத்தில் ஸ்காட்லாந்து யாருக்கும் உதாரணம் இல்லை. ஏறத்தாழ 55 லட்சம் பேர் வாழும் அந்த நாட்டில், 2023ல் மட்டும் நேரடியாக மதுவால் வரும் நோய்களில் இறந்தவர்கள் 1,277 பேர். மலிவு விலை மதுவால் ஏழைகள் அழிகிறார்கள் என்று பார்த்து, 2018 மே மாதம் முதல் ஒரு யூனிட் ஆல்கஹாலுக்கு 50 பென்ஸுக்குக் குறைவாக விற்கக் கூடாது என்று சட்டமே போட்டார்கள். 2024 செப்டம்பர் கடைசியில் அதை 65 பென்ஸாக உயர்த்தினார்கள். ஆக, அவர்களும் குடியோடு போராடிக் கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர்கள் தெளிவு. குடிப்பது ஒரு தப்பாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். குடித்துவிட்டு வண்டியைத் தொடுவது மன்னிக்க முடியாத தப்பு. 2014 டிசம்பர் 5 முதல் அங்கே 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹாலுக்கு மேல் இருந்தால் குற்றம். அதற்கு முன்பு 80. இங்கிலாந்தில் அதற்குப் பிறகும் 80 என்றே இருக்க, ஸ்காட்லாந்து தனியாகக் குறைத்துக் கொண்டது. மாட்டினால் குறைந்தது ஒரு வருடம் வண்டி ஓட்டவே தடை.

இந்தியாவில் எவ்வளவு தெரியுமா? 30 மில்லிகிராம்! ஆம், சட்டப் புத்தகத்தில் ஸ்காட்லாந்தை விட நம்முடையது கண்டிப்பானது. 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, முதல் முறை மாட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ என்று ஆக்கிவிட்டார்கள். மறுபடி மாட்டினால் 15,000 ரூபாய், இரண்டு வருடம். இதைவிட என்ன வேண்டும்?

சட்டம் இருக்கிறது. வழி இல்லை. அதுதான் பிரச்சினை. நடந்தே போகும் தூரத்தில் அறை இருக்கிறவனிடம் “ஓட்டாதே” என்றால் அவன் நடப்பான். எண்பது கிலோமீட்டர் தள்ளி வீடு இருக்கிறவனிடம் “ஓட்டாதே” என்று மட்டும் சொன்னால் அவன் என்ன செய்வான்? “மச்சி, எனக்கு ஒண்ணும் ஏறல, நானே ஓட்றேன்” என்பான். அந்த நான்கு பேரில் அதிகம் குடித்தவன்தான் முதலில் இதைச் சொல்வான் என்பது ஊரறிந்த ரகசியம்.

ஏன் அவ்வளவு தூரம்?

இதற்குப் பதில் குடியில் இல்லை, வரியில் இருக்கிறது. நாடு முழுவதும் 2017ல் ஜிஎஸ்டி வந்தபோது, மனிதன் குடிக்கும் மது மட்டும் அதற்கு வெளியே நின்றது. அதற்கு எவ்வளவு வரி என்பதை அந்தந்த மாநிலமே முடிவு செய்துகொள்ளலாம். தமிழ்நாட்டில் 1983ல் மொத்த வியாபாரத்துக்காகத் தொடங்கிய டாஸ்மாக், 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனையையும் கையில் எடுத்தது. 2023-24ல் அதன் மூலம் அரசுக்கு வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். பாண்டியில் கடைகள் தனியார் கையில். வரியும் பல காலமாகக் குறைவு. கொரோனா நேரத்தில், 2020 மே மாதம், தமிழ்நாட்டு விலைக்குச் சமமாக இருக்கட்டும் என்று சிறப்பு வரி போட்டார்கள். வெளியூர்க் கூட்டம் வரக் கூடாது என்பதுதான் நோக்கம். 2021 ஏப்ரலில் அதை எடுத்தார்கள். கூட்டம் பழையபடி வந்துவிட்டது.

இன்னொரு காரணமும் உண்டு. தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக் கூடாது. பாண்டியில் 18 போதும். கல்லூரி முதல் வருடம் படிக்கிற பையன் சட்டப்படி குடிக்க வேண்டுமானால் எல்லை தாண்டத்தான் வேண்டும். லைசென்ஸ் வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத வயது அது!

இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். விருத்தாசலத்திலிருந்து போய்வர சுமார் 170 கிலோமீட்டர். பைக் லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுத்தால் 3.4 லிட்டர். பெட்ரோல் லிட்டர் சுமார் 100 ரூபாய் என்று வைத்தால் 340 ரூபாய். ஒரு பைக்கில் இரண்டு பேர், ஆளுக்கு இரண்டு குவார்ட்டர். ஒரு குவார்ட்டருக்கு 50 ரூபாய் மிச்சம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். மொத்த மிச்சம் 200 ரூபாய். நிகர நட்டம் 140! பி.காம். முதல் வருட மாணவன்கூட இந்தக் கணக்கைத் தள்ளுபடி செய்து விடுவான். அப்புறம் ஏன் போகிறார்கள்?

ஏனென்றால் அவர்கள் விலைக்காக மட்டும் போகவில்லை. உட்கார ஒரு இடத்துக்காகப் போகிறார்கள். நம்மூர் டாஸ்மாக் பாரில் ஒருவன் நிம்மதியாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வர முடியுமா? தரையெல்லாம் தண்ணீர், பிளாஸ்டிக் கிளாஸ், நசுங்கிய வாட்டர் பாக்கெட். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவாரோ என்ற பயம் வேறு. அதனால் நின்றபடியே ஒரே மூச்சில் ஊற்றிக்கொண்டு ஓடி வருகிறார்கள். பாண்டியில் நாற்காலி இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, மேலே மின்விசிறி ஓடுகிறது. யாருக்கும் ஒளிய வேண்டியதில்லை. உண்மையில் அவர்கள் தேடிப் போவது அந்த மரியாதையைத்தான். அதற்காகத்தான் 170 கிலோமீட்டர்.

கண்ணிருந்தும் பார்க்காத ஊர்

வேதனை என்னவென்றால், அவ்வளவு தூரம் போய் அந்த ஊரை ஒரு தெருகூடப் பார்க்காமல் வருகிறார்கள்.

1674ல் பிரெஞ்சுக்காரர்கள் குடியேறிய ஊர். 1693ல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள், 1699ல் திருப்பிக் கொடுத்தார்கள். 1761ல் ஆங்கிலேயர்கள் பிடித்துத் தரைமட்டம் ஆக்கினார்கள். மறுபடி எழுந்தது. 1954 நவம்பர் 1ல் இந்தியாவோடு இணைந்தது. நடுவே ஒரு பெரிய வாய்க்கால், இந்தப் பக்கம் தமிழர் தெருக்கள், அந்தப் பக்கம் வெள்ளைக்காரர் தெருக்கள். இரண்டு பக்கமும் நேர் நேரான தெருக்கள். கண்ணைக் கட்டி விட்டாலும் கடலைக் கண்டுபிடித்து விடலாம். செயின்ட் ஆண்ட்ரூஸ் மாதிரியே, காலால் அளந்து பார்ப்பதற்கென்றே அமைந்த ஊர்.

ரங்கப்பிள்ளை தெருவில் ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு. துய்ப்ளேக்ஸ் துரைக்கு துபாஷியாக இருந்து, 1736லிருந்து 1761 வரை ஊரில் நடந்ததையெல்லாம் தமிழில் நாட்குறிப்பாக எழுதி வைத்தவர். இன்று வலைப்பூ எழுதும் பிள்ளைகளுக்கெல்லாம் முப்பாட்டன் அவர்தான்! ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதி வாழ்ந்த வீடு. 1908ல் வந்தவர் 1918 வரை இருந்தார். பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் வீடு. மிஷன் வீதியில் சம்பா கோயில். கடற்கரையில் 1836ல் முதன்முதலாக விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கம்.

எல்லாவற்றையும் விட, பாரதி பூங்காவில் நிற்கும் ஆயி மண்டபம். பாண்டி அரசின் முத்திரையிலேயே இருக்கும் அந்த வெள்ளை மண்டபம் எதன் நினைவாக எழுந்தது தெரியுமா? தண்ணீருக்காக! ஆயி என்ற தாசியின் மாளிகையைக் கோயில் என்று நினைத்து மன்னர் கிருஷ்ணதேவராயர் கும்பிட்டுவிட்டாராம். உண்மை தெரிந்ததும் கோபத்தில் இடிக்கச் சொன்னாராம். ஆயி தானே அதை இடித்துவிட்டு, அந்த இடத்தில் ஊருக்காகக் குளம் வெட்டினாள் என்பது கதை. பின்னாளில் ஊரில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது முத்திரைப்பாளையத்திலிருந்து வாய்க்கால் வழியாக நகருக்குத் தண்ணீர் கொண்டு வந்தார்கள். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அவள் நினைவாக மண்டபம் எழுந்தது. ஊருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்த ஒரு பெண்ணை முத்திரையில் வைத்திருக்கும் ஊரை, வெளியூர்க்காரர்கள் சரக்கு ஊர் என்று மட்டும் தெரிந்து வைத்திருக்கிறார்கள்!

இன்னொன்று. கடலூர் சாலையில் வரும்போது ஊருக்குச் சற்று முன்னால் அரியாங்குப்பம் வரும். அங்கே ஆற்றங்கரையில் இருக்கிறது அரிக்கமேடு. 1945ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய நாட்டுப் பாண்டங்கள் கிடைத்தன. கூர்மையான அடிப்பாகம் கொண்ட நீண்ட ஜாடிகளின் துண்டுகளும் கிடைத்தன. திராட்சை மதுவும் எண்ணெயும் கப்பலில் வந்த ஜாடிகள்! யவனர் கொண்டு வந்த மதுவைப் பற்றிப் புறநானூற்றிலும் குறிப்பு இருக்கிறது. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே இதே கரையில் வெளிநாட்டுச் சரக்கு இறங்கியிருக்கிறது. பைக்கில் அந்த இடத்தைத் தாண்டிப் போகும் நான்கு பேரில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஆக, “குடி நம் பண்பாட்டிலேயே இல்லை” என்று மேடையில் பேசுபவர்களும் சரி, பாட்டிலைத் தவிர வேறெதையும் பார்க்காமல் திரும்புபவர்களும் சரி, ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள். இருவரும் அந்த மண்ணைக் குனிந்து பார்க்கவில்லை.

மூடிவிட்டால் தீருமா?

“இதெல்லாம் எதற்கு? கடையை மூடு, பிரச்சினை தீர்ந்தது” என்பவர்கள் உண்டு. அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. தாலி அறுந்த வீடுகளைப் பார்த்த கோபம் அது. ஆனால் சரித்திரம் வேறு மாதிரி சொல்கிறது. 1937ல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948ல் சென்னை மாகாணம் முழுக்க வந்தது. 1971ல் நிறுத்தினார்கள், 1974ல் மறுபடி கொண்டு வந்தார்கள், 1981ல் மறுபடி தளர்த்தினார்கள். ஒவ்வொரு முறையும் பின்வாசலில் கள்ளச்சாராயம் நின்றது. தொலைவில் எங்கும் போக வேண்டாம். 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்திலும், 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் நடந்தது என்ன? கள்ளக்குறிச்சியில் மட்டும் 65 பேருக்கு மேல் மெத்தனால் கலந்த சாராயத்துக்குப் பலியானார்கள். விருத்தாசலத்துக்குப் பக்கத்து மாவட்டம் அது.

இன்னொரு வழியையும் பார்த்தாகிவிட்டது. தமிழ்நாட்டு வழக்கறிஞர் ஒருவர் நடத்திய வழக்கில், 2016 டிசம்பர் 15ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக் கூடாது. 2017 ஏப்ரல் 1ல் நாடு முழுக்கக் கடைகள் மூடப்பட்டன. குடித்துவிட்டு ஓட்டுவதுதான் உயிரைக் குடிக்கிறது என்று நீதிமன்றம் புரிந்துகொண்டு சொன்ன தீர்ப்பு அது. நோக்கத்தில் குறையே இல்லை. ஆனால் அதே வருடத்தில் நகராட்சி எல்லைக்குள் இருந்த கடைகளுக்கு விலக்கு கிடைத்தது. மற்ற இடங்களில் கடை ஊருக்குள் நகர்ந்தது. குடிப்பவன் என்ன செய்தான்? கூடுதலாக 500 மீட்டர் ஓட்டினான்!

நாட்டில் 2022ல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். எல்லோரும் குடித்தவர்கள் அல்ல, அப்படிச் சொல்வது பாவம். அதில் பலர் எதிரே ஒழுங்காக வந்தவர்கள். பால் ஊற்றப் போனவர், நைட் ஷிஃப்ட் முடித்துத் திரும்பியவர், பின்னால் குழந்தையோடு உட்கார்ந்திருந்த பெண். குடித்தவன் தன் உயிரை மட்டும் பணயம் வைத்தால் அது அவன் பாடு என்று விடலாம். அவன் வைப்பது அடுத்தவர் உயிரையும் சேர்த்துத்தானே?

என்னதான் செய்யலாம்?

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். குடித்தவனை வண்டியிலிருந்து இறக்கி நடக்க வைத்தால் போதும்.

முதலாவது, பஸ். சனி, ஞாயிறு இரவுகளில் பார் மூடும் நேரத்துக்குப் பிறகு பாண்டியிலிருந்து கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் விருத்தாசலத்துக்கும் நிச்சயமாக ஒரு பஸ் உண்டு என்ற நம்பிக்கை வர வேண்டும். இன்று அந்த நேரத்தில் பஸ் கிடைக்குமா என்ற சந்தேகமே போதும், “எதுக்கு ரிஸ்க், பைக்லயே போயிடலாம்” என்று கிளம்புவதற்கு. எது ரிஸ்க் என்பதையே தலைகீழாக்கி விட்டது அந்தச் சந்தேகம்! மதுவில் கோடி கோடியாக வருமானம் பார்க்கும் இரண்டு அரசுகளுக்கு நான்கு பஸ் விடுவது பாரமா?

இரண்டாவது, எல்லைச் சோதனை. கடலூர் நுழைவில் ஆல்பேட்டையில் சோதனைச்சாவடி இருக்கிறது. பாண்டி பாட்டில் உள்ளே வருகிறதா என்று பையைப் பார்ப்பார்கள். அது வரி சம்பந்தப்பட்டது, பார்க்கட்டும். ஆனால் பாட்டிலுக்குள் இருக்கும் சரக்கை விட வயிற்றுக்குள் இருக்கும் சரக்குதான் சாலைக்கு ஆபத்து. பையைத் திறக்கச் சொல்லும் அதே இடத்தில் வார இறுதி இரவு முழுக்க ஊதவும் சொல்லட்டும்.

மூன்றாவது, பார்கள். ஸ்காட்லாந்தில் போதை தலைக்கேறியவனுக்கு மேலும் ஊற்றிக் கொடுப்பது விற்பவர் மீதே குற்றம். இங்கே காசு இருக்கும் வரை ஊற்றுவார்கள். அதை மாற்ற வேண்டும். பைக்கில் வந்தவன் சாவியைக் கவுண்டரில் கொடுத்தால் பைக்கைக் காலை வரை பத்திரமாக வைத்திருக்கும் ஏற்பாட்டை ஒரு பார் செய்தால், அந்த பாருக்குத்தான் கூட்டம் வரும். இது தர்மம் மட்டுமல்ல, நல்ல வியாபாரமும் கூட.

நான்காவது, நடை. கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டி ஓடக் கூடாது. பாண்டியே மாலையானால் “வண்டியை நிறுத்து, நட” என்றுதான் சொல்கிறது! வெயில் சாய்ந்த பிறகு நான்கு மணி நேரம் நடந்தால் ரங்கப்பிள்ளை வீட்டுத் தெருவிலிருந்து கலங்கரை விளக்கம் வரை மொத்த ஊரையும் பார்த்து விடலாம். நடுவே ஓரிடத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம். வயதும் விருப்பமும் இருப்பவர் ஒரு பீர் குடிக்கலாம், இல்லாதவர் சர்பத் குடிக்கலாம். எலுமிச்சை சர்பத் குடித்தவனும் பீர் குடித்தவனும் ஒரே தெருவில் ஒரே கதையைக் கேட்டுக்கொண்டு நடப்பான். இரவு ஒரு சாதாரண லாட்ஜில் நான்கு பேர் அறையைப் பகிர்ந்தால் ஆளுக்கு எவ்வளவு வந்துவிடும்? பெட்ரோல் நட்டத்தைப் பற்றிக் கவலைப்படாதவன் இதற்கா கவலைப்படப் போகிறான்? காலையில் தெளிந்த தலையோடு கிளம்பலாம்.

“இப்படி நடை, சுற்றுலா என்று பூசி மெழுகினால் குடிக்காதவனும் குடிக்கக் கற்றுக்கொள்வான்” என்று ஒரு பயம் உண்டு. அது நியாயமான பயம்தான். ஆகையால்தான் இதைக் குடிச் சுற்றுலா என்று விற்கக் கூடாது. ஊர்ச் சுற்றுலாவாக இருக்கட்டும், குடி அதில் ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும். இன்று நிலைமை நேர் எதிர். குடிதான் ஊர், ஊர்தான் ஓரம்.

கடைசியாக...

பாண்டிக்குப் போகும் வழியில் வடலூரைத் தாண்ட வேண்டும். பசித்தவர் யாராக இருந்தாலும் சாப்பிடட்டும் என்று 1867ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு அங்கே இன்னும் அணையவில்லை. வள்ளலார் நினைவாகத் தைப்பூசத்தன்று தமிழ்நாடு முழுக்க மதுக்கடை கிடையாது. அந்த ஒரு நாள் விடுமுறை நல்லதுதான். ஆனால் வள்ளலாரின் வாசலைத் தாண்டி வருடத்தின் மற்ற நாட்களில் நள்ளிரவில் தள்ளாடிக்கொண்டு போகும் பைக்குகளுக்கு யார் விடுமுறை கொடுப்பது? வாடிய பயிரைக் கண்டு வாடியவர், ரோட்டோரம் கிடக்கும் பிள்ளையைக் கண்டால் என்ன ஆவார்?

விருத்தாசலம் பீங்கான் ஊர். அகல் விளக்கும் பொம்மையும் அங்கே சூளையிலிருந்து வருகின்றன. உடைந்தால் ஒட்டாது என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சூளையில் வேலை செய்பவர் தட்டைத் தூக்கும்போது எவ்வளவு கவனமாக நடப்பார் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கீழே வைக்கும் வரை கண் அங்கே இங்கே போகாது.

அந்த ஊர்ப் பையன்தான் ஹெல்மெட்டை டேங்க் மேல் வைத்துக்கொண்டு, “ஒண்ணும் ஏறல மச்சி” என்று சொல்லி, ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கடலூரைத் தாண்டுகிறான். அவன் குடிக்கக் கூடாது என்று சொன்னால் கேட்பானோ மாட்டானோ தெரியாது. ஆனால் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, கடற்கரைப் பக்கம் நான்கு தெரு நடந்துவிட்டு, அங்கேயே தூங்கிவிட்டுக் காலையில் வா என்றால் கேட்கக் கூடும். வீட்டுக்கு ஒரு போன், “அம்மா, இன்னைக்கு வரல, காலைல வர்றேன், நீ தூங்கு”, அவ்வளவுதான்.

அன்றைக்கு ராத்திரி வாசலில் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்காது. ஆனாலும் அவள் தூங்குவாள்.